தொண்ணூறாயிரம் ஒறம்பரை

முதல் ஆளு வந்தது ஒரு புதன்கெழமை, காலைல ஒம்பதே முக்காலுக்கு, வாய்ல பிரஷ்ஷும் இடுப்புல கட்டம் போட்ட லுங்கியுமா, வாசல் வழியா வராம, ரெண்டாம் டேபிளுக்கும் கைகழுவற தொட்டிக்கும் நடுவுல சும்மா வந்து நின்னாரு; மைனாவதியக்கா அப்பத்தான் ஒரு வட்டல் சந்தகையில தேங்காப்பாலை ஊத்திட்டு நிமுந்தவங்க, அவரைப் பாத்து "வாங்க"ன்னாங்க, அவரு வட்டலைப் பாத்தாரு, கட்டைவெரலை மேல பாத்து ஒரு தள்ளு தள்ளினாரு, அவ்வளவுதான், ஆளக் காணோம், தரையில பேஸ்ட்டு நுரை ஒரு சொட்டுக்கூட இல்ல. "என்னுங்க இது, ஒரு வாய் தண்ணி குடிக்காமப் போயிட்டாரு"ன்னு அக்கா வீட்டுக்காரருகிட்டச் சொன்னாங்க. அவங்களுக்கு வருத்தம் அது ஒண்ணுதான்.

எங்க ஊரு வேலாங்காட்டுப் புதூரு, காங்கேயத்துல இருந்து பஸ்ஸுல அரை மணி நேரம், நாலு அரிசி மில்லு, ரெண்டு எண்ணெ மில்லு, ஒரு பஸ் ஸ்டாண்டு, அந்த பஸ் ஸ்டாண்டுல இருந்து கெழக்க போற ஒரே ஒரு நேர் தெருவு. அந்தத் தெருவுல எனக்கு ஜெராக்ஸ் கடை, எதுத்தாப்புல மைனாவதியக்காளோட சந்தகைக் கடை. என் பேரு குணசேகரன். இந்தக் கதையில நடந்த தப்புல பாதி என்னோடது, ஒளிச்சு வெச்சு என்ன ஆகப் போகுது, முன்னாலயே சொல்லிடறேன்.

சந்தகை தெரியாதவங்களுக்காக ஒரு வார்த்தை: புழுங்கலரிசிய ஊறப்போட்டு ஆட்டி, உருண்டை உருண்டையா வேகவெச்சு, கை பொறுக்காத சூட்டுலயே அச்சுல போட்டு, ரெண்டு பேரு ரெண்டு பக்கமும் பாரம் குடுத்து அமுக்கினா நூல் நூலா எறங்கும், ஆறிப்போச்சுன்னா யாரு வந்து அமுக்கினாலும் எறங்காது. எங்க பக்கத்துல நோம்பிக்கும் ஒறம்பரைக்கும் செய்யறது. நோம்பின்னா பண்டிகை, ஒறம்பரைன்னா விருந்தாளி, வட்டல்னா தட்டு. அதைக் கடை போட்டு விக்கலாம்னு அக்காளுக்குத் தோணினது, திருப்பூருல அவங்க வீட்டுக்காரரு சென்னியப்பண்ணனோட பெரியண்ணன் வீட்டுல பதினாலு வருசம் சமைச்சு முடிச்ச பொறகு. பனியன் கம்பெனி வெச்சிருக்கற பெரிய வீடு, ஒரு வேளைக்கு இருபது தட்டு. "பதினாலு வருசத்துல ஒரு நாளு, ஒருத்தரு, நீ உண்டியா மைனான்னு கேட்டதில்ல தம்பி"ன்னு ஒரு தடவை எங்கிட்டச் சொன்னாங்க. அழுகையெல்லாம் இல்ல, வெங்காயம் உரிச்சுக்கிட்டே சொன்னாங்க.

அவங்க தனியா வந்தது பெரியவருக்குப் புடிக்கல. "தை பொறக்கற வரைக்கும் பாப்பேன். கடை ஓடலீன்னா பூட்டிட்டு வந்து சேருங்க, கம்பெனிக் கேண்டீனுக்கு ஆளு வேணும்"னு சொல்லி அனுப்பினாரு. சென்னியப்பண்ணன் அண்ணன் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசிப் பழகாத மனுசன், சரீன்னு தலையாட்டிட்டாரு. கடை தொறந்து எட்டு மாசத்துல ஒரு நாளைக்கு ஆறு வட்டல் போனாப் பெருசு. ஐப்பசி முடியற நேரத்துல அக்கா ரோட்டைத் தாண்டி எங்கடைக்கு வந்தாங்க. "தம்பி, ரீல்ஸ்ல விளம்பரம் போட்டா யாவாரம் ஆகுமாமே. போட்டுக் குடு. செத்தாலும் அந்த அடுப்புக்கு நான் திரும்பிப் போக மாட்டேன்."

சந்தகை மேல தேங்காப்பாலு எறங்கறத நானே வீடியோ புடிச்சேன், நல்லாவே வந்துச்சு. அப்புறம் திரையில, இதை யாருக்குக் காட்டோணும்னு கேட்டுச்சு. எல்லாக் கூத்தும் அங்கதான் ஆரம்பிச்சுது.

"சுத்துவட்டம் பத்துக் கிலோமீட்டர் போதுங்க்கா"ன்னேன்.

"அதெப்படி தம்பி? கூப்புடறதுன்னு ஆயிப்போச்சு. பதினோராவது கிலோமீட்டருல இருக்கறவன் மனசுல என்ன நெனைப்பான்?"

கல்யாணப் பத்திரிகை வெக்கற கணக்கா அக்கா அதை எடுத்துக்கிட்டாங்க. யாரையும் விட்டுரக் கூடாது, விட்டா நாளைக்கு மூஞ்சியில முழிக்க முடியாது. வயசு கேட்டுச்சு, எல்லா வயசும்னாங்க. சமையல் புடிச்சவங்களா, ஊர் சுத்தறவங்களா, கிரிக்கெட்டா, நகையா, நாய் வளக்கறவங்களான்னு வரிசையாக் கட்டம் வந்துச்சு, ஒண்ணு விடாம டிக் போடச் சொன்னாங்க. "நாயெல்லாம் எதுக்குங்க்கா"ன்னு கேட்டதுக்கு, "ஏன், நாய் வளக்கறவன் சோறு திங்க மாட்டானா?"ன்னாங்க. தமிழ்நாடு மொத்தம் ஆச்சு, பெங்களூரு ஆச்சு, பம்பாயும் ஆச்சு. கடைசியா நம்ம ஊரு வந்துச்சு. "உள்ளூருக்கு எதுக்குத் தண்டம், கடை இருக்கறதுதான் அவங்களுக்குத் தெரியுமே, எடுத்துரு"ன்னாங்க. எடுத்துட்டேன். இது தப்புன்னு எனக்கு அப்பவே லேசாத் தோணுச்சு, ஆனா டீ ஆறிக்கிட்டு இருந்துச்சு, நானும் முப்பது நாளைக்குன்னு அமுக்கி விட்டுட்டேன்.

விளம்பரத்தைச் செல்லுல யாரு பாத்தாலும், பாக்கற அந்த நேரத்துக்கு மட்டும் அவங்க கடைக்குள்ள வந்து நின்னாங்க. இது ஏன் அப்படின்னு எங்க ஊருல யாரும் பெருசா ஆராயல. முதல் நாளு மத்தியானத்துக்குள்ள இருநூறு பேரு வந்துட்டுப் போயிட்டாங்க, ஆராய நேரமும் இல்ல. தலை துவட்டிக்கிட்டே வந்தாங்க, ஆபீஸ் அட்டையக் கழுத்துல தொங்க விட்டுக்கிட்டு வந்தாங்க, பஸ்ஸுல உக்காந்த வாக்குல அந்தரத்துல உக்காந்துக்கிட்டு வந்தாங்க, பாதி மூஞ்சிக்கு மட்டும் பவுடர் போட்ட கல்யாணப் பொண்ணு ஒருத்தி வந்தா, பாத்ரூமுல இருந்து வந்தவங்களப் பத்திச் சொல்ல வேண்டாம். எல்லாரும் ஒரே மாதிரி குனிஞ்சு, ஒரே மாதிரி வெரலைத் தள்ளி, ரெண்டு மூணு செகண்டுல போயிட்டாங்க. தொட்டா கைக்கு ஒண்ணும் ஆம்புடாது, இட்லிச் சட்டி ஆவிக்குள்ள கைய விட்ட மாதிரி இருக்கும். வாயத் தொறந்தா சத்தம் மட்டும் கேக்கும், ஆனா நம்மகிட்டப் பேசற பேச்சா இருக்காது. "உப்புப் போட்டியா", "ஹலோ, கேக்குதா", "அந்தாளு பணம் அனுப்பிட்டானா", இப்படி அவங்கவங்க ஊட்டுப் பேச்சு. தெருவே அவங்களுக்கு ஒறம்பரைன்னு பேரு வெச்சிருச்சு.

எங்க பக்கத்துல ஒறம்பரை வந்தா வீட்டுல இருக்கற ஒவ்வொருத்தரும், வந்த ஒவ்வொருத்தரையும், தனித்தனியா வாங்கன்னு சொல்லோணும். அதுல ஒண்ணு கொறைஞ்சாலும் சம்மந்தமே முறிஞ்சுரும். எங்க சித்தப்பன் இன்னைக்கும் எங்க வாசப்படிய மிதிக்கறதில்ல, இருவது வருசத்துக்கு முன்னால எங்கம்மா அடுப்பைப் பாத்துக்கிட்டே வாங்கன்னு சொல்லிட்டாங்களாம், மொகத்தைப் பாத்துச் சொல்லலியாம். அப்படிப்பட்ட ஊருல பொறந்த மைனாவதியக்கா, வந்த அத்தனை பேருக்கும் வாங்க சொன்னாங்க. வியாழக்கெழமை தொண்டை கம்மிப்போச்சு, வெள்ளிக்கெழமை சென்னியப்பண்ணன் கல்லாவுல உக்காந்தமேனிக்குச் சொன்னாரு, சனிக்கெழமை அவரு தொண்டையும் போய், பக்கத்துக் கடை ஜாக்கெட்டு தைக்கற ஜோதிமணி மிஷினை நிறுத்திட்டு வந்து ஒரு மணி நேரம் சொல்லிட்டுப் போச்சு, நானும் சொன்னேன், மில்லுல சிப்ட்டு முடிஞ்சு போனவங்க நின்னு சொன்னாங்க. தெருவே முறை வெச்சுச் சொல்லுச்சு. "வாங்க, வாங்க, வாங்க"ன்னு காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் சத்தம், அவங்க பாட்டுக்கு வந்துட்டுப் போயிட்டாங்க, ஒருத்தரும் பதிலுக்குத் தலையாட்டல.

ஊருக்காரங்க அதை வெச்சு என்னென்ன பண்ணலாம்னு யோசிக்க ஆரம்பிச்சாங்க. கல்யாணத் தரகரு நோட்டோட வந்து ஓரமா உக்காந்து, கழுத்துல தாலி இருக்கா இல்லியான்னு பாத்துப் பாத்து எழுதினாரு, ஊரு பேரு கேக்கறதுக்குள்ள பொண்ணு போயிர்றதால நோட்டு முழுக்க "சிவப்பு, ஒசரம், மூக்குத்தி"ன்னு மட்டுந்தான் இருந்துச்சு. மாரியம்மன் கோயில் கமிட்டிக்காரங்க, நோம்பிக்குக் கூட்டம் காட்டறதுக்கு ஒரு விளம்பரம் போட்டுத் தர முடியுமான்னு எங்கிட்டக் கேட்டாங்க. கட்சிக்காரரு ஒருத்தரு, தம் பொதுக்கூட்டத்துக்கு இவங்கள அனுப்பி வெக்க முடியுமான்னாரு. "ரெண்டு செகண்டுக்கு மேல நிக்க மாட்டாங்களே"ன்னேன். "எங்க கூட்டத்துல நிக்கறவனும் அவ்வளவுதானப்பா நிக்கறான்"னாரு. நல்ல மனுசன்.

யாவாரந்தான் ஆகல. ஆகலைங்கறது கூடப் பரவால்ல, இருந்த ஆறு வட்டலும் போச்சு. நிம்மதியாச் சோறு திங்கறப்ப எதிர்ல ஒருத்தன் துண்டோட நின்னு தட்டையே பாத்தா யாருக்கு எறங்கும்? வழக்கமா வர்ற வாத்தியாரு ரெண்டு பேரும் பரோட்டாக் கடைக்குப் போயிட்டாங்க. எங்கடைக் கம்ப்யூட்டருல இத்தனாயிரம் பேரு பாத்தாங்க, இத்தனாயிரம் பேரைச் சேந்துதுன்னு நெம்பரு ஏறிக்கிட்டே இருந்துச்சு, அதை நான் போய்ச் சொல்றப்பெல்லாம் அக்கா "ஆமா, பாத்தேன்"னாங்க. சென்னியப்பண்ணன் திருப்பூருக்குப் போன் போட்டு, கேண்டீனுக்கு எப்ப வரோணும்னு கேட்டுட்டாரு. அன்னைக்கு ரெண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்ல, ஒரே அச்சை ஆளுக்கொரு பக்கம் புடிச்சு அமுக்கினாங்க, மூஞ்சிய மட்டும் திருப்பிக்கிட்டாங்க.

மூணாவது வாரத்துல தெருவுக்கே சலிச்சுப் போச்சு. யாரும் வாங்க சொல்றதில்ல. ஒறம்பரைக்குள்ள பூந்து நடந்து போகப் பழகிட்டாங்க, குரல் கேட்டாலும் தலை தூக்கறதில்ல. அக்கா மட்டும் ஒரே ஒருத்திக்கு விடாமச் சொன்னாங்க.

அந்தப் புள்ள தெனம் பதினோரு மணிக்கு வரும். இருவத்தஞ்சு, இருவத்தாறு வயசு இருக்கும், வயித்துல ஏழெட்டு மாசம், ஒரு கைய இடுப்புல குடுத்துக்கிட்டு நிக்கும். மத்தவங்க மாதிரி ஓடாது. நாலு நிமிசம், அஞ்சு நிமிசம், அந்தச் சந்தகையவே பாத்துக்கிட்டு நிக்கும், எச்சி முழுங்கறது கண்ணுல தெரியும். ரெண்டாவது நாளே அக்கா அந்த எடத்துல ஒரு சேரு போட்டாங்க. அது உக்காந்துச்சா, சேரு தாங்குச்சா, அதெல்லாம் எனக்குத் தெரியாது, ஆனா சேரு போட்டதுக்கப்புறம் அந்தப் புள்ள உக்காந்த வாக்குலதான் வந்துச்சு. முன்னால ஒரு டம்ளர்ல தண்ணி வெப்பாங்க. அது போனதுக்கப்புறம் தண்ணி வெச்சது வெச்சபடி இருக்கும், எடுத்துக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊத்துவாங்க. "வயித்துப் புள்ளக்காரி வாய்க்கு ஆசப்பட்டுத் தெனம் வர்றா, ஒரு வாய் ஊட்டி விட முடியலியே"ன்னு அவங்க பொலம்பறதக் கேட்டா எனக்கே சங்கடமா இருக்கும். கடை போறது ஒரு பக்கம், இது ஒரு பக்கம்.

விளம்பரம் முடிய ஆறு நாளு இருக்கறப்ப ஒரு வெள்ளிக்கெழமை, பதினோரு மணிக்கு அந்தப் புள்ள சேருல உக்காந்திருந்துச்சு. பக்கத்துல ஒரு ஆளும் நின்னுக்கிட்டு இருந்தாரு. நான் என் கடையில ஆதார் அட்டைய மிஷின்ல கவுத்து வெச்சுக்கிட்டே பாத்தேன். இன்னைக்கு எவனோ ஒருத்தன் அதே நேரத்துக்குப் பாக்கறான் போலன்னு நெனைச்சுக்கிட்டேன். அக்கா வந்து சிரிச்சு, "வாங்க அம்மிணி"ன்னு சொல்லி, டம்ளரை வெச்சிட்டு, மிக்சில தேங்கா ஓடிக்கிட்டு இருந்ததால உள்ள போயிட்டாங்க. "அக்கா, ரெண்டு பிளேட்டு"ன்னு அந்தப் புள்ள சொன்னதை அக்கா கேட்டாங்க. ஊட்டுல அவங்க அக்காகிட்டப் பேசுதுன்னு நெனைச்சாங்க. அந்த ஆளு "ஏங்க, இங்க யாராச்சும் வருவீங்களா"ன்னு கேட்டதைச் சென்னியப்பண்ணன் கேட்டாரு. கேட்டுட்டு பேப்பரைத் திருப்பினாரு. ஜோதிமணி அந்த வழியாப் போய்க் கறிவேப்பிலை ஒடிச்சுக்கிட்டு வந்துச்சு. இருவத்தஞ்சு நிமிசம். அப்புறம் அந்த ஆளு ஏதோ சொல்ல, அந்தப் புள்ள மெதுவா எந்திரிச்சு, ரெண்டு பேரும் வாசல் வழியா எறங்கிப் போனாங்க. வாசல் வழியாப் போறாங்களேன்னு எனக்கு அப்பவாவது உறைச்சிருக்கோணும். உறைக்கல.

அக்கா வந்து டம்ளரை எடுத்தாங்க. காலி.

அப்படியே டம்ளரைத் திருப்பிப் பாத்தாங்க, தரையப் பாத்தாங்க, சேரு மேல கைய வெச்சுப் பாத்தாங்க. "ஐயோ"ன்னு ஒரு சத்தம் போட்டாங்க, அந்த மாதிரி சத்தம் அவங்ககிட்ட இருந்து நான் கேட்டதே இல்ல. "வயித்துப் புள்ளக்காரிய வரவெச்சுப் பட்டினி போட்டு அனுப்பிட்டனே, குணா, வண்டிய எடு!"

என் டிவிஎஸ் வண்டியில செருப்புக் கூட இல்லாம ஏறி உக்காந்துட்டாங்க. பஸ் ஸ்டாண்டுக்குப் போனா காங்கேயம் பஸ் அப்பத்தான் கெளம்பிப் போயிருக்குது. ஆரன் அடிச்சுக்கிட்டே தொரத்தி, எண்ணெ மில்லு ஸ்டாப்புல புடிச்சோம். அக்கா ஏறிட்டாங்க, பின்னாலயே நானும் ஏறினேன்.

நாலாவது சீட்டுல ரெண்டு பேரும் இருந்தாங்க. அக்காளப் பாத்ததும் அந்த ஆளு கொதிச்சுட்டாரு. "ஏங்க, ஆத்தூருல இருந்து விடியறதுக்கு முன்னாடி கெளம்பி மூணு பஸ்ஸு மாறி வந்தோம்ங்க. இவ ஒரு மாசமா இதைத்தான் கேக்கறா. என்ன வேணும்னு கேக்க ஒரு ஆளு இல்ல. சிரிச்சுட்டுச் சிரிச்சுட்டுப் போறீங்க!"

அக்கா கையெடுத்துக் கும்பிட்டாங்க. "தப்பு என்னுது சாமி. கண்ணு இருந்தும் பாக்காமப் போயிட்டேன். எறங்கி வாங்க, ஒரு வாய் சாப்புட்டுப் போங்க. இல்லீன்னா நானும் இதே பஸ்ஸுல ஆத்தூருக்கு வருவேன், உங்க வீட்டு அடுப்புல செஞ்சு போட்டுட்டுத்தான் திரும்புவேன்."

அந்தப் புள்ளைக்குக் கண்ணுல தண்ணி, வாயில சிரிப்பு. தேன்மொழின்னு பேராம். புருசனோட கையப் புடிச்சு அமுக்குச்சு. அவரு பெருமூச்சு விட்டுட்டுப் பைய எடுத்தாரு.

அப்பப் பின் சீட்டுல இருந்து ஒரு சத்தம். எண்ணெ மில்லுல வேல செய்யற ராமாத்தாக்கா. "ஏ மைனா, அவங்கள மட்டுந்தான் கூப்புடுவியா?"

அக்கா திரும்பினாங்க.

"கடை தொறந்து ஒம்பது மாசமாச்சு. நான் தெனம் ரெண்டு நேரம் உன்ற வாசலைத் தாண்டித்தான் போறேன். வாசம் மூக்கைத் தொளைக்குது. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, வாசல்ல நின்னு வாங்க்கான்னு ஒரு சத்தம் குடுத்திருப்பியா? பேரு தெரியாத பம்பாய்க்காரனையெல்லாம் கூப்பிட்டு வாங்க வாங்கன்னு தொண்டை கிழியக் கத்தின. உன்ற முறைக்கு நானும் வந்து கத்தினேன். என்னைய உக்காருன்னு சொன்னியாடி? கூப்புடாத ஊட்டுக்குள்ள நாங்க எப்படி வர்றது?"

அக்கா பேய் அறைஞ்ச மாதிரி நின்னாங்க. எனக்குக் காது சுட்டுது. உள்ளூரு எடுத்துருன்னு அவங்க சொன்னதும் நான் எடுத்ததும் ஞாபகம் வந்துச்சு. எல்லாருக்கும் பத்திரிகை வெச்சோம், ஒட்டுச் செவுத்து வீட்டுக்கு வெக்கல.

அக்கா ராமாத்தாக்கா முன்னால போய், மொகத்தைப் பாத்து, "வாங்க்கா, நாளைக்கு நம்ம கடைக்கு வாங்க"ன்னாங்க. அவங்களக் கூப்பிட்டுட்டு பக்கத்துல இருக்கறவங்கள விட முடியுமா? அடுத்தவங்களையும் கூப்பிட்டாங்க. அதுக்குப் பின்னால, அதுக்கும் பின்னால, ஜன்னலோரம், நின்னுக்கிட்டு இருந்தவங்க, தூங்கினவரை எழுப்பி, ஒவ்வொருத்தரையும் மொகம் பாத்து, பேரு தெரிஞ்சவங்களப் பேரு சொல்லி, தெரியாதவங்களப் பேரு கேட்டு. கண்டக்டரு விசில் ஊதாம வாய்லயே வெச்சுக்கிட்டு நின்னாரு, கடைசியா அவரையும், டிரைவரண்ணனையும் கூப்பிட்டு, நாங்க நாலு பேரும் எறங்கின பொறகுதான் பஸ் நகந்துச்சு. ஒரு பஸ்ஸு நெறைய ஆளைக் கூப்பிட ஏழு நிமிசம் ஆச்சு, நான் மணி பாத்தேன்.

தேன்மொழி அன்னைக்கு நாலு தடவை போட்டுச் சாப்பிட்டுச்சு. தேங்காப்பாலு, வெல்லம், அப்புறம் எலுமிச்சம்பழம் தாளிச்சது, மறுபடி தேங்காப்பாலு. அக்கா எதிர்லயே உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தாங்க. "அம்மிணி, ஒரு மாசமாத் தெனம் வந்தியே, எங்களையெல்லாம் உனக்குத் தெரிஞ்சுதா?"ன்னு கேட்டாங்க.

"இல்லீங்க்கா, சந்தகை மட்டுந்தான் தெரிஞ்சுது"ன்னு அந்தப் புள்ள வெகுளியாச் சொல்லுச்சு. அக்கா மொகம் சித்த சுருங்குச்சு. "ஆனா ஒண்ணுங்க்கா. இடுப்பு வலி உசுரு போகும் எனக்கு. அந்த வீடியோ பாக்கற அஞ்சு நிமிசம் மட்டும் வலியே தெரியாது, நல்லா உக்காந்து எந்திரிச்ச மாதிரி இருக்கும். ஏன்னே தெரியல." அக்கா இன்னும் கொஞ்சம் தேங்காப்பாலு ஊத்தினாங்க.

மறுநாளு ராமாத்தாக்கா மில்லு ஆளுங்க எட்டுப் பேரைக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. டிரைவரண்ணன் வண்டிய ஓரமா நிறுத்திட்டு, பஸ்ஸுல ஆளு இருக்கறப்பவே எறங்கி வந்து ஒரு வட்டல் முடிச்சாரு. கூட்டம் கூட்டமான்னா கூட்டம் இல்ல, முப்பது வட்டல், முப்பத்தஞ்சு வட்டல். விளம்பரம் முடிஞ்ச அன்னைக்கு நான் கணக்கைப் பாத்துச் சொன்னேன்: தொண்ணூறாயிரம் பேரு பாத்திருக்காங்க, அதுல நேர்ல வந்தவங்க மூணு பேரு, அந்த மூணுல ஒருத்தரு தாராபுரத்துக்கு வழி கேக்க வந்தவரு. "இனி இந்தச் சனியன் வேண்டாங்க்கா"ன்னேன், எனக்கு வந்த வெக்கத்துக்கு.

"ஏன், தேன்மொழி வந்துதுல்ல? போடு"ன்னாங்க. "இந்தத் தடவை நம்ம ஊரு, சுத்தி நடந்து போற தூரம். அதுக்கு அக்கட்ட ஒரு அடி போடாத."

அப்பத்தான் தெருவு நெசமாலுமே கலகலத்துப் போச்சு. வெளியூருக்காரன் துண்டோட வந்து நின்னா யாருக்கென்ன, இப்ப வந்து நிக்கறது தெரிஞ்ச மூஞ்சியா இருந்துச்சு. வட்டிக்கடை பொன்னுச்சாமி மாமா, ஒடம்பு சரியில்லைன்னு ஊருக்கெல்லாம் சொல்லிட்டுப் படுத்திருக்கறவரு, தொப்பையும் துண்டுமாச் சப்பாத்திய மென்னுக்கிட்டே வந்தாரு. பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டரு வகுப்பு நேரத்துல வந்தாரு. அக்கா ஒருத்தரையும் விடல. மறுநாளு தெருவுல கண்டா நிறுத்தி, "நேத்துப் பத்தரைக்கு வந்தீங்க, நான் வாங்க சொல்றதுக்குள்ள போயிட்டீங்களே, என்ன அவசரம்?"னு கேட்டாங்க. அதுக்கு என்னன்னு பதில் சொல்றது? வாத்தியாருங்க ரெண்டு பேரும் பரோட்டாக் கடையில உக்காந்துக்கிட்டே செல்லைப் பாத்து மாட்டிக்கிட்டாங்க, அன்னைக்கே திரும்பி வந்துட்டாங்க. வந்து நின்னா தெரிஞ்சுரும்னு சில பேரு செல்லைப் பாக்கறதையே விட்டாங்க, அவங்க வீட்டுப் பொம்பளைங்க வந்து அக்காளுக்குப் பூ வெச்சு விட்டுட்டுப் போனாங்க. விளம்பரம் போட்டா யாவாரம் ஆகுமான்னு இப்பவும் எங்கடைக்கு வந்து கேக்கறாங்க. ஆகும்ங்க, பாத்தவனை மறுநாளு தெருவுல நிறுத்திக் கேக்க முடிஞ்சா ஆகும்னு சொல்றேன்.

தை பொறந்து மூணாம் நாளு, மாட்டுப் பொங்கல் முடிஞ்சு கடை தொறந்த அன்னைக்கு, மத்தியானம் ஒரு மணி. அஞ்சு டேபிளும் ரொம்பி, சுவத்தோரமா ஏழெட்டுப் பேரு வட்டலைக் கையில வாங்கி நின்னு சாப்பிட்டுக்கிட்டு இருக்கறாங்க. ராமாத்தாக்காவோட மருமவ திருப்பூருல இருக்குதாம், அது யாருக்கோ அனுப்பி, அவங்க யாருக்கோ அனுப்பி, அப்படி அந்த வீடியோ சென்னியப்பண்ணனோட பெரியண்ணன் வீடு வரைக்கும் போயிருக்குது. கடைக்கு நட்ட நடுவுல பெரியவரு வந்து நின்னாரு. பட்டு வேட்டி, தங்கச் செயினு, கண்ணாடிய நெத்திக்குத் தூக்கி விட்டுக்கிட்டு, கையில இல்லாத செல்லைக் குனிஞ்சு பாத்துக்கிட்டு நின்னாரு. உக்கார எடமில்ல. வெரலைத் தள்ளல.

சென்னியப்பண்ணன் கல்லாவுல இருந்து படக்குன்னு எந்திரிச்சுட்டாரு. தோள்ல கெடந்த துண்டு தன்னால இடுப்புக்கு வந்துச்சு. "மைனா, அண்ணன்..."ன்னாரு.

அக்கா அப்பத்தான் அச்சுல இருந்து எறக்கின சந்தகையோட, ரெண்டு கையிலயும் ரெண்டு வட்டல், ஆவி பறக்க வந்தாங்க. பெரியவரைப் பாத்தாங்க. பதினாலு வருசம் அவரு தட்டுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டே இருந்தவங்க.

"வாங்க மாமா"ன்னாங்க, மொகத்தைப் பாத்து, மரியாதையா. அப்புறம் வீட்டுக்காரர்கிட்ட, "நீங்க உக்காருங்க, சில்லறைய எண்ணிக் குடுங்க, மூணாம் டேபிள்ல ரொம்ப நேரமாக் காத்துக்கிட்டு இருக்காங்க"ன்னு சொன்னாங்க.

சொல்லிட்டு, சுத்திப் போக வழியில்ல, நேரா அவருக்குள்ள பூந்து போய், மூணாம் டேபிள்ல ரெண்டு வட்டலையும் வெச்சாங்க.